குடகில் ஐந்து நாள்: ஸ்ரீநிவாஸ் நடந்த வழியில்

முதல் நாள் – அக்டோபர் 14, மடிகேரி

மயிலாடுதுறையில் ரயில் ஏறினால் மறுநாள் காலை மைசூரு. தஞ்சை, திருச்சி, கரூர், ஈரோடு என்று காவிரியை ஒட்டியும் விலகியும் மேற்கே ஏறும் பாதை அது. எங்கள் ஊரில் ஆறு கிழடாகிக் கடலைத் தேடிப் போகும். அது குழந்தையாக இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே ஆசை. நாற்பது வயது கடந்துதான் கைகூடியது.

ஆறு மட்டும் என்னை இங்கே இழுத்துவரவில்லை. முதுகலையில் சமூகவியல் படித்தபோது கையில் ஏறிய ஒரு நூல், இருபது ஆண்டாக என்னை விடவில்லை. எம்.என்.ஸ்ரீநிவாஸ் எழுதி 1952இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவந்த, குடகர்களின் சமயமும் சமூகமும் பற்றிய ஆய்வு அது. இந்தியச் சாதியைப் பற்றிப் பேசுகிற எவரும் இன்று பயன்படுத்தும் ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்ற கருத்து, அதாவது கீழே இருக்கும் சாதியினர் மேலே இருப்பவர்களின் வழக்கத்தை எடுத்துக்கொண்டு ஏறப் பார்ப்பது, அந்த நூலில்தான் உருப்பெற்றது. பாடத்தில் அந்தச் சொல் மட்டும் மிஞ்சிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த வீடு, விளக்கு, வயல், துப்பாக்கி எல்லாம் உதிர்ந்துவிட்டன. அவற்றை என் கண்ணால் பார்க்கவே வந்திருக்கிறேன்.

மைசூரு ஸ்ரீநிவாஸின் சொந்த ஊர். 1916இல் அங்கே ஓர் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தார். பம்பாயில் சமூகவியலாளர் ஜி.எஸ்.குர்யேவிடம் படித்தார். 1940களின் தொடக்கத்தில் தமிழ், தெலுங்கு நாட்டுப்பாடல்களைப் பற்றியும் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். குடகுக்கு அவர் வந்துபோனதும் அந்த ஆண்டுகளில்தான். ஓராண்டு ஈராண்டு ஒரே ஊரில் தங்கிவிடவில்லை. குறுகிய பயணங்களாகவே வந்து தகவல் திரட்டினார்.

மைசூரிலிருந்து பஸ். ஹுன்சூர் தாண்டிப் பெரியபட்டணா வரை சமவெளி, புகையிலை வயல்கள். குஷால்நகரில் காவிரியைக் கடந்ததும் சாலை மலைமேல் வளையத் தொடங்குகிறது. பாலத்தின்மேல் பஸ் மெதுவாகப் போனபோது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் காவிரியை விட இங்கே தண்ணீர் அதிகம் என்பது ஒரு டெல்டாக்காரன் கண்ணில் முதலில் படும் விஷயம். பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

மடிகேரியில் மூடுபனி. அறைக்குள் ஈரவாசம். நாளை ஊர் சுற்ற வேண்டும்.

இரண்டாம் நாள் – அக்டோபர் 15, மடிகேரி

காலையில் ஓங்காரேஸ்வரர் கோயில். 1820இல் லிங்கராஜேந்திரர் கட்டியது. நடுவில் குவிமாடம், நான்கு மூலையிலும் மினார்போல் எழும் தூண்கள், எதிரே குளம். தூரத்திலிருந்து பார்த்தால் தர்கா என்றே நினைக்கத் தோன்றும். உள்ளே சிவன். கட்டியவர் வீரசைவர். குடகை ஆண்ட ஹாலேரி அரசர்கள் எல்லோரும் வீரசைவர்கள், அதாவது லிங்காயத்துகள். ஆளப்பட்ட குடகர்களோ முன்னோரையும் காவிரியையும் வணங்குகிறவர்கள். அரசனுக்கு ஒரு சமயம், குடிக்கு ஒரு சமயம் என்று இரண்டு நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

1834 ஏப்ரலில் ஆங்கிலேயக் கம்பெனிப் படை உள்ளே வந்தது. கடைசி அரசர் சிக்க வீரராஜேந்திரர் நாடுகடத்தப்பட்டுக் காசியில் வைக்கப்பட்டார். 1852இல் மகளை அழைத்துக்கொண்டு லண்டன் போனார். அந்தப் பெண் கௌரம்மாவுக்கு அங்கே ஞானஸ்நானம் நடந்தபோது ஞானத்தாயாக நின்றவர் விக்டோரியா மகாராணி. அரசர் 1859இல் லண்டனிலேயே இறந்தார். இங்கே கோட்டைக்குள் இருக்கும் தேவாலயம் இப்போது அரசு அருங்காட்சியகம். அரசனின் மகள் மதம் மாறிய கதையை அறிந்த பிறகு, அரசனின் கோட்டைக்குள் நிற்கும் அந்தக் கூரான ஜன்னல்களை வெறும் கட்டடமாகப் பார்க்க முடியவில்லை.

கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது கீழே எங்கோ ஒரு வெடிச்சத்தம். டீக்கடைக்காரரிடம் கேட்டேன். “ஒரு வெடியா, இரண்டா?” என்று திருப்பிக் கேட்டார். ஒன்றுதான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அப்படியென்றால் கவலை வேண்டாம்” என்றார்.

குடகர் வீட்டில் குழந்தை பிறந்தால் ஒரு வெடி. சாவு என்றால் அடுத்தடுத்து இரண்டு. அக்கம்பக்கத்தார் சத்தத்தை எண்ணிக் கிளம்புவார்கள். இன்று கேட்டது பிறப்புக்குத்தானா, இல்லை காட்டுப்பன்றியை விரட்டவா, தெரியவில்லை. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்று யோசித்தால் விஷயம் விரிகிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு நாடு முழுவதும் மக்களின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருந்த அதே அரசு, 1861இல் குடகர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. கிளர்ச்சியில் சேராமல் இருந்ததற்குப் பரிசு அது. ‘போர்க்குடி’ என்ற பட்டமும் கூடவே வந்தது. வீட்டுச் சடங்கில் தொன்றுதொட்டு வருவதாகத் தோன்றும் அந்த வெடிச்சத்தத்துக்குப் பின்னால், ஆங்கிலேயத் தலைமை ஆணையரின் அலுவலகத்து முத்திரையும் இருக்கிறது. செப்டம்பரில் வரும் கைல்போள்து என்ற ஆயுதப் பண்டிகையில் கத்தியோடு துப்பாக்கியையும் வைத்துப் பூச்சூட்டுகிறார்கள். விலக்கு இன்றும் தொடர்கிறது.

ஸ்ரீநிவாஸ் இதையெல்லாம் அறியாதவரில்லை. ஆனால் அவர் நூலின் கண் வேறு திசையில் இருந்தது. பம்பாயில் எழுதி முடித்த பெரிய ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு 1945இல் ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே மானிடவியலாளர் ராட்க்ளிஃப்-பிரவுன், சடங்கு எப்படி ஒரு சமூகத்தைக் கட்டிப்போடுகிறது என்ற கோணத்தில் அதே தகவல்களை மறுபடி பார்க்கச் சொன்னார். சேகரித்த குவியல் ஒழுங்கான கட்டடம் ஆனது அப்போதுதான். ராட்க்ளிஃப்-பிரவுன் ஓய்வு பெற்றபின் எவான்ஸ்-பிரிட்சர்டின் கீழ் 1947இல் ஸ்ரீநிவாஸ் பட்டம் பெற்றார். கட்டடம் உறுதியானதாக, அழகானதாக இருக்கிறது. அதைத் தாங்கிய மண்ணில் ஓடிய காலனிய வேர்கள்தான் கட்டடத்துக்குள் தெரியாமல் போயின.

மூன்றாம் நாள் – அக்டோபர் 16, ஓர் ஐன்மனை

நாபோக்லு பக்கம் ஒரு பழைய குடும்பத்தின் தோட்ட வீட்டில் தங்க இடம் கிடைத்தது. வீட்டம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். சென்னையில் கல்லூரி படித்தவர். குடகு இழுப்போடு தெளிவான தமிழ் பேசுகிறார். மதியம் மழை விட்டதும் தங்கள் ஐன்மனைக்கு அழைத்துப் போனார்.

ஐன்மனை என்பது ஒரு ‘ஒக்க’த்தின் மூத்த வீடு. ஒக்க என்றால் தந்தைவழிக் கூட்டுக்குடும்பம். ஒரே முன்னோரின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் அத்தனை பேரும் அதில் அடக்கம். வயலைக் கடந்து, இருபுறமும் மண்சுவர் எழுப்பிய குறுகலான சந்து வழியே வீட்டுக்கு ஏறுகிறோம். ஓணி என்கிறார்கள். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறிவிட்டது. அம்மா குனிந்து, பையிலிருந்த சுண்ணாம்பைத் தொட்டு அதை விழச் செய்துவிட்டு, பேச்சை நிறுத்தாமல் நடந்தார்.

முன்திண்ணையில் தூணுக்கும் தூணுக்கும் இடையே கிடக்கிறது அந்தப் பலகை. பெயர் ஐமர. ஒரே மரத்தில் அறுத்தது, ஒன்றரை முழ அகலம். நடுப்பகுதி மட்டும் பளபளவென்று தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கிறது. கையை வைத்தால் கண்ணாடி போல வழுக்குகிறது. ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பின் வெள்ளைக் கறை காய்ந்து கிடக்கிறது. பெரியவர்கள் உட்காரும் இடம். சிறுவர்கள் உட்காரக் கூடாது. நான் தயங்கி நின்றேன். “நீங்கள் விருந்தாளி, உட்காருங்கள்” என்றார் அம்மா. அவர் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “இங்கே என் மாமனார் உட்காருவார்” என்றார். மாமனார் இறந்து முப்பது ஆண்டு ஆகிவிட்டது.

உள்ளே நடுக்கூடம். அங்கே தொங்குவது ‘நெல்லக்கி பொள்ச்ச’ என்னும் விளக்கு. சத்தியம் செய்வதும் கல்யாணத்தில் வணங்குவதும் அதன் முன்னால்தான். தென்மேற்கு மூலையில் இருக்கும் அறை கன்னி கொம்பரை, முன்னோருக்கு உரியது. வெளியே தோட்டத்தில் கைமட என்னும் சிறு முன்னோர் கோயில். குலத்தின் முதல் முன்னோரைக் ‘காரண’ என்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை அவருக்கு இறைச்சியும் சாராயமும் படைக்கிறார்கள். பிராமணப் புரோகிதருக்கு அதில் வேலையே இல்லை. கல்யாணத்திலும் அப்படியே: மூத்தவர்கள் அரிசி தூவி, பால் கொடுத்து, நாணயம் வைத்து ஆசி சொல்கிறார்கள். இரு குடும்பத்தின் சார்பிலும் ‘அருவ’ என்ற நண்பர் குடும்பத்தார் நின்று, பொன் என்று சொல்லிக் கூழாங்கற்களைக் கைமாற்றி, பெண்ணின் உரிமையைப் பேசி முடிக்கிறார்கள். மருமகள் தண்ணீர் சுமந்து புகுந்த வீட்டுக்குள் வரும்போது வழியை மறித்து ஆடுவார்கள். அந்தச் சில அடி தூரம் நடக்கச் சில சமயம் மணிக்கணக்காகும்.

இங்கேதான் ஸ்ரீநிவாஸின் பார்வைக் கூர்மை எனக்கு உறைத்தது. ஒக்கத்துக்குள் பிறப்பால் மட்டுமே நுழைய முடியும். வெளியே இருந்து வரும் மருமகளை உள்ளே எடுத்துக்கொள்ள இத்தனை சடங்கு தேவைப்படுகிறது. சடங்கை விசுவாசமாகவோ மூடநம்பிக்கையாகவோ மட்டும் பார்த்துவந்த நாளில், ஒரு குடும்பம் தன் எல்லைக்கோட்டைத் தானே வரைந்துகொள்ளும் மொழி அது என்று அவர் காட்டினார். இந்த நிலைப்படியில் நின்று பார்த்தால் அது கோட்பாடாகத் தெரியவில்லை, பச்சை உண்மையாகத் தெரிகிறது.

மாலையில் அம்மா அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். ‘பட்டோலெ பளமெ’. நடிகேரியண்ட சின்னப்ப என்பவர் தொகுத்து 1924இல் வெளிவந்தது. கன்னட எழுத்தில் குடகு மொழி. கல்யாணப் பாட்டு, சாவுப் பாட்டு, பண்டிகைப் பாட்டு, பழக்கவழக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. நால்வர் உட்கார்ந்து துடி கொட்டிப் பாடும் பாட்டுகள் அவை. ஸ்ரீநிவாஸ் தம் நூலில் பெரிதும் சாய்ந்துகொண்ட புத்தகம் இதுதான். அதை அவர் மறைக்கவுமில்லை. ஆனாலும் உலகம் முழுவதும் வகுப்பறைகளில் ஒரு பெயர் வாழ்கிறது, இன்னொரு பெயர் குடகுக்கு வெளியே அரிதாகவே கேட்கிறது. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. ஒரு சமூகத்தைத் தானே உட்கார்ந்து எழுதி வைத்தவர், அதை அலசி விளக்கியவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவரில்லை. மானிடவியல் வரலாற்றில் இத்தகையவர்களுக்குத் ‘தகவலாளி’ என்று பெயர் வைத்து மூலையில் உட்காரவைத்த பழக்கம் காலனியக் காலத்தின் மிச்சம்.

அறுவடைப் பண்டிகை பற்றிக் கேட்டேன். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ பௌர்ணமியை ஒட்டி வரும். பெயர் புத்தரி. புது அரிசி என்பது எனக்கு அகராதி இல்லாமலே புரிந்தது. முதல் கதிரை அறுக்கும்போது என்ன சொல்லி அறுப்பீர்கள் என்றேன்.

“பொலி, பொலி தேவா.”

எனக்குப் பேச்சு எழவில்லை. எங்கள் களத்தில் தாத்தா மரக்காலை முதல்முதலாக நெல்லில் சாய்க்கும்போது சொல்வது அதே ‘பொலி’தான். அதைச் சொன்னேன். அம்மா சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, “சாப்பிட வாருங்கள்” என்றார்.

நான்காம் நாள் – அக்டோபர் 17, தலைக்காவேரி

துலா சங்கிரமணம். ஐப்பசி பிறக்கும் நாள். எங்கள் ஊரில் இன்றிலிருந்து மாதம் முழுக்கத் துலா முழுக்கு. கடைசி நாள் கடைமுழுக்கு. கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. ஆற்றின் அந்தப் பக்கம் நாங்கள் மூழ்கி எழும் அதே நாளில்தான் இந்தப் பக்கம் ஊற்று பொங்குகிறது என்று நம்புகிறார்கள். ஆறு முழுவதற்கும் ஒரே பஞ்சாங்கம்.

இருட்டோடு கிளம்பி பாகமண்டலம் வந்தோம். காவிரியும் கன்னிகையும், கண்ணுக்குத் தெரியாமல் சுஜ்யோதியும் சேரும் இடம். மொட்டையடித்துப் பிண்டம் வைப்பவர்கள் கூட்டம். குளித்துவிட்டு மலைமேல் எட்டுக் கிலோமீட்டர். வழியில் 2020 ஆகஸ்ட் மழையில் சரிந்த மலைப்பகுதியைக் காட்டினார்கள். அதில் கோயில் அர்ச்சகரும் அவர் வீட்டில் இருந்தவர்களும் புதைந்துபோனார்கள். பஸ்ஸில் எல்லோரும் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

பிரம்மகிரியின் மடியில் குளம். அதை ஒட்டிச் சின்னஞ்சிறு தொட்டி, குண்டிகை. காவிரி பிறக்கும் இடம் இவ்வளவுதான். ஒரு பெரிய அண்டாவின் வாயளவு. முகூர்த்தம் நெருங்க நெருங்க நெரிசல். குளத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் இடுப்பளவுத் தண்ணீரில் பாட்டிலும் குடமும் ஏந்தி நிற்கிறார்கள். அர்ச்சகர்கள் குங்குமமும் பூவும் இட்டுக்கொண்டே இருக்க, ஒரு கணத்தில் “காவேரி மாதா” என்று மலையே கத்தியது. நான் நின்ற இடத்திலிருந்து குமிழி எதையும் பார்க்கவில்லை. பார்த்தது முகங்களை. என் முன்னால் நின்ற ஒரு முதியவர், யாரோ எட்டிக் கொடுத்த ஒரு கைத் தண்ணீரைக் குடிக்காமல், தன் பேத்தியின் வாய்க்குள் ஒழுகவிட்டார்.

இந்தக் கோயிலைச் சுற்றித்தான் சமஸ்கிருதமயமாக்கம் என்ற ஸ்ரீநிவாஸின் புகழ்பெற்ற கருத்தும் பின்னியிருக்கிறது. காவிரியோடு நெருங்கிய பூசை உறவு கொண்ட அம்ம குடகர் என்ற சிறு பிரிவினர் இறைச்சியை விட்டனர், மதுவை விட்டனர், பூணூல் அணிந்தனர், மற்றக் குடகரிடமிருந்து விலகித் தனிப் பிரிவாகவே ஆகிப்போனார்கள். சாதி என்பது கல்லில் செதுக்கியது என்று அரசாங்கக் கணக்கெடுப்பாளர்கள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில், இல்லை, அது நகர்கிறது, கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களின் வழக்கத்தை எடுத்துக்கொண்டு ஏறப் பார்க்கிறார்கள் என்று சொன்னது பெரிய காரியம். அதேபோல, அகத்தியர், கமண்டலம் என்று நாடு முழுதும் அறிந்த கதை ஒரு பக்கம், ஓடும் காவிரியின் வேகத்தில் குடகுப் பெண்களின் சேலைக் கொசுவம் பின்னால் போய்விட்டது என்ற உள்ளூர்க் கதை இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே தெய்வத்தின்மேல் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதையும் அவர் பார்த்தார். எங்கள் பக்கக் கதையில் கமண்டலத்தைக் காகமாக வந்து கவிழ்ப்பவர் பிள்ளையார். இங்கே முனிவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளே துள்ளி வெளியேறுகிறாள். எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இறங்கும் வழியெல்லாம் காப்பித் தோட்டம். மடிகேரியில் ஐரோப்பியர் முதல் தோட்டம் போட்டது 1854இல். ஸ்ரீநிவாஸ் வந்தபோது காப்பி இந்த மண்ணின் பொருளாதாரமாகவே ஆகி எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நூலில் ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு சாதிக்கும் ஓர் இடம் உண்டு: மேதர் கொட்டடிப்பார், பண்ணர் தெய்வமாடுவார், பொலேயருக்கும் ஒரு பங்கு. வரைபடம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அரசர் காலத்தில் அடிமையாகக் கிடந்த பொலேயரும், எரவர் என்ற பழங்குடியினரும் தோட்டக் கூலியாக மாறியதும், சேலம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி மலையேறிய நம் ஆட்களும் அந்த வரைபடத்தில் தெரிவதில்லை. கட்டுக்கோப்பை மட்டும் தேடினால் கட்டுண்டவன் கண்ணில் படமாட்டான்.

நெரிசலில் என் குறிப்பேடு குளத்தில் விழுந்துவிட்டது. எடுத்தபோது நீலமசி முழுவதும் கரைந்திருந்தது. மூன்று நாள் குறிப்பு. தங்குமிடத்துக்கு வந்து பக்கம் பக்கமாகப் பிரித்து அடுப்பருகே காயவைத்தேன், எழுத்து திரும்பவில்லை. மனம் தாங்கவில்லை. அப்போது நினைவுக்கு வந்தது ஸ்ரீநிவாஸுக்கு நேர்ந்தது. குடகு நூலுக்குப் பிறகு, மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் 1948இல் தங்கி ஆய்வு செய்தார். ராம்புரா என்று அதற்குப் புனைபெயர் இட்டார். பதினெட்டு ஆண்டு உழைத்து அந்தக் குறிப்புகளைச் செப்பனிட்டு மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு 1970 ஏப்ரல் 24 அன்று யாரோ தீ வைத்தார்கள். மூன்று பிரதியும் சாம்பல். அதன்பின் நினைவிலிருந்தே அந்த ஊரை எழுதினார். 1976இல் நூல் வந்தது. குடகைப் பற்றிய நூலில் அமைப்பு இருக்கிறது. ராம்புராவைப் பற்றிய நூலில் மனிதர்கள் இருக்கிறார்கள், கோபமும் பொறாமையும் சிரிப்புமாக. நான் இரண்டாவதையே அதிகம் நேசிக்கிறேன்.

இந்தப் பகுதியையும் நினைவிலிருந்துதான் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் – அக்டோபர் 18

விடிகாலை கனி பூசை. நேற்று மலையில் பொங்கியவள் இன்று ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறாள். அம்மா ஒரு தாம்பாளத்தில் அரிசி பரப்பி, நடுவே ஒரு வெள்ளரிக்காயை நிறுத்தினார். அதற்குச் சிவப்புப் பட்டுத்துண்டு சுற்றி, பூ வைத்து, வளையலும் வெற்றிலைபாக்கும் அருகே வைத்தார். கடைசியாகத் தன் கழுத்து மாலை ஒன்றைக் கழற்றி அதன்மேல் போட்டார். கருகமணி. வெள்ளரிக்காய் காவேரியம்மா ஆகிவிட்டது. மூத்தவர் முதல் கைக்குழந்தை வரை வரிசையாக வந்து அரிசி தூவிக் கும்பிட்டார்கள். இன்று இறைச்சி கிடையாது. தோசையும் பூசணிக்காய்க் கறியும். வயலோரம் கொடி வளையம் மாட்டிய குச்சிகள் நட்டிருந்தன. ஒரு பையன் இலையில் தோசையை ஏந்தி அங்கே ஓடினான்.

சாப்பிடும்போது அம்மா கேட்டார்: “உங்கள் ஊரில் பெண்கள் ஆற்றுக்கு என்ன கொடுப்பார்கள்?”

ஆடிப் பதினெட்டைச் சொன்னேன். மசக்கைக்காரிக்குக் கொடுப்பதுபோல் சித்திரான்னங்கள் படைப்பதையும், மஞ்சள் சரடு மாற்றிக்கொள்வதையும், காதோலை கருகமணியை ஆற்றில் விடுவதையும் சொன்னேன்.

“காதோலை என்றால்?”

பனையோலையில் சுருட்டிய தோடு என்றேன். கருகமணி என்று நான் சொன்னபோது வெள்ளரிக்காயின் மேலிருந்த மாலையைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். மூக்குக்கண்ணாடியும் பேனாவும் பட்டோலெ பளமெயும் எடுத்துவந்தார். புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தைத் திறந்து, கன்னட எழுத்தில் எழுதத் தொடங்கினார்.

“மெதுவாகச் சொல்லுங்கள்” என்றார். “முதலில் இருந்து.”

மைசூர் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இலையை மடித்துவிட்டுக் கை கழுவி வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன்.